ஹாக்கியன் தெரிந்தவன் சொன்ன கேண்டனீஸ் கதை

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில், சிராங்கூனில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் நானும் இன்னொருவனும் வாடகைக்கு இருந்தோம். நான் குமாஸ்தா. அவன் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தான். வீட்டுக்காரர்கள் கத்தோலிக்கக் குடும்பம்: அங்கிள், ஆன்ட்டி, உயர்நிலைப் பள்ளியில் படித்த மகள்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்து வருகிறோம் என்று ஆன்ட்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். தேக்காவிலிருந்த தமிழ் வீடியோ கடைக்குப் போனபோது தமிழ்ப் படங்களையெல்லாம் எங்களைவிடச் சுறுசுறுப்பானவர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அடுத்த தெருவில் ஒரு சீனர் கடையில் வாள்சண்டைத் தொடர் ஒன்றை மொத்தமாக எடுத்தோம். இருபது கேசட். பேச்செல்லாம் சீன மொழிகளில் ஒன்றான கேண்டனீஸ். திரையில் எழுத்தில் ஒரு வரிகூட வராது.

“கவலைப்படாதீங்க ஆன்ட்டி, எனக்குச் சீனம் தெரியும்லா,” என்றான் அவன். “கார்கோவுல தினம் அவங்களோடதானே பேசுறேன்.”

மறுநாள் பசியாறி முடித்ததும் ஆரம்பித்தோம். நீளமான வசனத்துக்கு நீளமாகவும் குட்டி வசனத்துக்குக் குட்டியாகவும், சற்றும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே வந்தான். வெள்ளைத் தாடிக் கிழவன் கதாநாயகனின் தாயைக் கொன்றவன். வெள்ளை உடைப் பெண் கதாநாயகனின் தங்கை. தீராத நோய்க்காரி. அண்ணனிடம் அதை மறைக்கிறாள்.

“அந்த அக்கா கூரை மேல எல்லாம் தாவுறாங்களே, நோயாளி மாதிரியே இல்லையே?” என்று மகள் கேட்டாள்.

“அதாம்மா சோகமே. வெளியில காட்டிக்க மாட்டா.”

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். செய்தி தவிர எதையும் பார்க்காத அங்கிள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அன்று மாலை ஜெபமாலையில் அந்த நோயாளிப் பெண்ணுக்காகவும் ஒரு வேண்டுதல் சேர்ந்தது. இந்துவான நானும் அதற்குத் தலைகுனிந்து நின்றேன்.

இரண்டாம் நாள் மதியம் பதினோராவது கேசட் ஓடியபோது எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து எங்களோடு உட்கார்ந்தார். தங்கை இருமியபோது நாங்கள் உச்சுக் கொட்டினோம். அவர் சிரித்தார். எங்கள் ஆன்ட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. சாகப்போகிற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று மலாயில் கேட்டார்.

எதிர்வீட்டுக்காரர் விழித்தார். பிறகு மலாயிலேயே பொறுமையாக விளக்கினார். அவள் தங்கை இல்லை, மனைவி. நோய் எதுவும் இல்லை, மது குடித்துப் புரையேறியிருக்கிறது. தாடிக்காரர் கதாநாயகனின் சொந்தத் தகப்பனார், தங்கமான மனிதர்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

“சீனத்துல எனக்கு ஹாக்கியன்தான் தெரியும், இது கேண்டனீஸ்,” என்றான். பிறகு, “ஹாக்கியனும் பெட்டி தூக்குற அளவுக்குத்தான்,” என்றான். எழுந்து அறைக்குப் போய்விட்டான்.

பின்னாலேயே போனேன். “ஏன்டா இப்படிப் பண்ணினே?”

“மொத கேசட்லயே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆன்ட்டி அழ ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் எங்கேடா சொல்றது?”

முதல் கேசட்டிலேயே எனக்கும் லேசான சந்தேகம் இருந்தது. கதை சுவாரசியமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

கூடத்தில் உண்மைக் கதை தொடர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் நேர்மையான மொழிபெயர்ப்பாளர். ஐந்து நிமிடம் இருவர் உருக்கமாகப் பேசினால், “கோபமாக இருக்கிறான்,” என்று மலாயில் இரண்டே சொல் சொல்வார். தகப்பனும் மகனும் நிலத் தகராறு பேசினார்கள். மனைவி சமைத்தாள். மகள் கொட்டாவி விட்டாள். இரண்டு கேசட் அங்கிள் தாக்குப்பிடித்தார். பிறகு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, வெளிய வாப்பா. நீயே சொல்லு.”

“அங்கிள், நான் சொன்னது பொய்யி.”

“தெரியும்லா. அந்தப் பொண்ணுக்கு வைத்தியர் கிடைச்சாரா இல்லையா? அதைச் சொல்லு.”

ஆன்ட்டி அவன் முகத்தைப் பார்க்காமலேயே நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். “அவளைச் சாகடிச்சே, இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது,” என்றார்.

மீதிக் கேசட்டுகளில் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனைவி என்று ஊருக்கே தெரிந்தவளைத் தங்கையாகவே வைத்திருந்து, பதினெட்டாவது கேசட்டில் மலை மூலிகை கொடுத்துக் குணப்படுத்தினான். எதிர்வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அவர், ஆன்ட்டியிடம் அவன் சொல்வதை மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். கடைசியில் தங்கை பிழைத்துக்கொண்டாள் என்றதும் அவரும் ஒரு பெருமூச்சு விட்டார்.