நான்கு நிறங்களில் தேடிய பந்திங் அக்கா

இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். கைப்பேசியில் இருக்கும் சமூக வலைத்தளங்களை எனக்குப் பெயரால் தெரியாது, நிறத்தால்தான் தெரியும். நீலம், ஊதா, கறுப்பு, பச்சை. நான்கையும் ஒரே நாளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பயன்படுத்தியவள் என்பதால், எது எப்படி என்று கொஞ்சம் சொல்ல முடியும்.

கிள்ளானில், பண்டமாரானில், வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். வருகிறவர்களிடம் பெயர் கேட்க எனக்குக் கூச்சம். பையில் ஊரை எழுதி ஒட்டிவிடுவேன்: பூச்சோங் அக்கா, பந்திங் அக்கா.

ஒரு வியாழக்கிழமை காலை, பந்திங்கிலிருந்து கல்யாணப் பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அவள் அம்மா தைக்கக் கொடுத்திருந்த அரக்கு நிற ரவிக்கையை வாங்கிப்போக வந்திருந்தாள். 'பந்திங் அக்கா' என்று ஒட்டியிருந்த பையைத் திறந்தால், உள்ளே ஒரு பச்சை ரவிக்கை. அவளைப் போல் இரண்டு பேர் நுழையலாம்.

திங்கட்கிழமை இன்னொரு பந்திங் அக்கா வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையைத் திறந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டு ஓடியது அப்போதுதான் உறைத்தது. அவர் எண்கூட என்னிடம் இல்லை.

"உன் கல்யாணத்த நானே கெடுத்துட்டேனே!"

"அக்கா, மொதல்ல உக்காருங்க லா. கல்யாணம் எனக்கு, மயக்கம் உங்களுக்கா?"

முதலில் நீலம். பந்திங்காரர்கள் கூடும் குழு ஒன்று அதில் உண்டு. தட்டுத் தடுமாறி நான்கு வரி தட்டினேன். குழு நடத்துபவர் அனுமதிக்க வேண்டும் என்று வந்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று வியர்த்துவிட்டது. அனுமதி கிடைத்ததும், ஊரே என் வாசலில் வந்து நின்றதுபோல் இருந்தது. 'ரவிக்கை என்ன விலை?' என்றார் ஒருவர். 'எங்க ஊர்ல பாதிப் பேரு பந்திங் அக்காதான், எந்த அக்கா?' என்றார் இன்னொருவர். கிண்டல் செய்தவரும் தன் வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் போனார்.

ஊதாவில் அந்தப் பெண்ணே படம் போட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பச்சை ரவிக்கை அப்படி மின்னியது. என் தையல்தானா என்று எனக்கே சந்தேகம். கீழே எழுதியதை யாரும் படிக்கவில்லை, இதயம் மட்டும் போட்டார்கள். ஆனாலும் அவ்வளவு பதற்றத்திலும் எனக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

கறுப்பில் வீடியோ. இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் குரல் உடைந்துவிட்டது. நம்மைத் தெரியாதவர்களிடமே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் அதிசயம் அது. ஈப்போவிலிருந்து யாரோ, 'அழாதீங்க ஆன்டி' என்று எழுதினார்கள். பந்திங்கிலிருந்து ஒருவரும் வரவில்லை.

கடைசியில் பச்சை. அதில் எழுத்துப் பிழைக்குப் பயப்பட வேண்டாம். பெருவிரலால் அழுத்திப் பேசினால் போதும். பிடிக்கவில்லையென்றால் விரலை இடப்பக்கம் இழுத்துவிடலாம், சொன்னது சொல்லாததாகிவிடும். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று முறை இழுத்துவிட்டு, நான்காவதில் என் எண்ணையும் சொல்லி என் வாடிக்கையாளர் குழுவுக்கு அனுப்பினேன்.

அன்று சாயங்காலம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மாடி, அந்தப் பச்ச என்னோடதும்மா. பையத் தொறக்கவே இல்ல. காலையில மொத பஸ்ஸுல வந்துடறேன்."

மறுநாள் மார்போடு பையை அணைத்தபடியே வந்தார். நான் சொல்லி முன்பே வந்து காத்திருந்த கல்யாணப் பெண் உள்ளே போய் அரக்கு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கொக்கிகள் எல்லாம் ஒழுங்காக மாட்டிக்கொண்டன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பந்திங் அக்கா தன் கைப்பேசியைத் தட்டினார். நடுங்குகிற என் குரல் அறை முழுக்கக் கேட்டது. "எங்க கோயில் சமையல் குழுவுக்கு யாரோ அனுப்பியிருந்தாங்க. கேட்டதும் எழவுச் சேதின்னு நெனச்சிட்டேன்!"

கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பில் ஒரு கொக்கி தெறித்தது. அதைத் தைத்து முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

கிளம்பும்போது, பந்திங் அக்கா என் எண்ணைச் சேமித்தார். எட்டிப் பார்த்தேன். 'கிள்ளான் டைலர்' என்று தட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேலேயே இன்னொரு கிள்ளான் டைலர் இருந்தார்.

"அக்கா," என்றேன், "என் பேர் சொல்றேன், அதப் போட்டுக்குங்க. உங்க பேரும் சொல்லுங்க."