மல்லிகாவின் கோட்டில் ஐந்து புள்ளி

பழைய துணியில் பிளீச்சிங் பவுடரால் படம் போடுவது சாயம் ஏற்றும் வேலை இல்லை, இருக்கிற சாயத்தைத் தின்ன விடுகிற வேலை. இதை ஒரே ஒரு வாடிக்கையாளருக்காவது புரியவைத்தவர்கள் உங்களில் இருந்தால் எனக்குத் தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள். 1991-ல், எம்.ஏ. படித்துக்கொண்டே, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இதைத் தொடங்கினேன். பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை எடுத்து, பஞ்சு சுற்றிய ஈர்க்குச்சியால் வரைய வேண்டும். வரையும்போது ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷத்தில் வெளுத்து எழும். உடனே அலச வேண்டும், அசந்தால் ஓட்டை.

வெந்த குதிரை

மறைமலை நகரில் வேலை பார்த்த தயாளன் அண்ணன் கறுப்புச் சட்டை கொண்டுவந்து வெள்ளைக் குதிரை கேட்டார். கறுப்பு வெளுத்தால் செங்கல் நிறம்தான் வரும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "நீ போடு, வரும்" என்றார். வந்தது செங்கல் குதிரை. உலகத்தில் வெள்ளைக் குதிரையைவிடப் பழுப்புக் குதிரைதான் அதிகம் என்று அரைமணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னா தங்கச்சி, குதிரை கேட்டா சூளையில வேக வச்சுக் குடுத்துகீற!"

பத்து நிமிஷம்

சேரப்பணஞ்சேரி மல்லிகா என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ட்ரெயினி. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், பழைய தாவணிக்குப் பூப்போட வந்து உட்கார்ந்தாள். மறுநாள் அவளுக்கு ட்ரெயினிங் ஆறு மாசம் முடிகிறது. கேட்டில் சூப்பர்வைசர் யூனிஃபார்மைப் பார்த்து உள்ளே விட்டால்தான் பர்மனென்ட் ஆர்டர். கோட்டில் கறை இருந்ததென்று அன்று காலைதான் இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்களாம். இந்த வேலை போனால் கல்யாணம்தான் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்குள் பாத்ரூம் போகவும் சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டுமாம்.

"பாத்ரூம் போகக்கூடச் சீட்டு வாங்கணுமா? நீங்கள்லாம் ஏன் கேக்கல?" என்று நான் கையை வீசிக் கேட்டேன். கையில் ஈர்க்குச்சி இருந்தது. இருவருமே கவனிக்கவில்லை. அதற்கப்புறமும் பத்து நிமிஷம் தொழிலாளர் உரிமை பேசினேன். பேசி முடித்தபோது அவள் கோட்டின் மார்புப் பக்கத்தில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள். கம்பெனி கொடுத்தது அந்த ஒரு கோட்டுதான். அலசினேன். பேனா மையைத் தொட்டு வைத்தேன், புள்ளி ஊதாவானது. அவள் அழவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்: "எடுக்கத் தெரிஞ்சவளுக்குத் திருப்பி வைக்கத் தெரியாதாக்கா?"

பாக்கெட்

கோட்டோடு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னோம். கடையை மூடக் கிளம்பிய எங்கள் ஊர் டெய்லர் யேசுதாஸ் அண்ணன் கோட்டை விரித்துப் பார்த்தார். கீழே இருந்த பாக்கெட்டைப் பிரித்து, மேலே புள்ளிகள்மீது வைத்துத் தைத்தார். புள்ளி மறைந்தது. ஆனால் பாக்கெட் இருந்த இடம் மட்டும் துவைத்துத் துவைத்து வெளுக்காததால், புதுத்துணி மாதிரி ஒரு கருநீலச் சதுரம் பளிச்சென்று நின்றது. "இதுக்கு என்னண்ணா செய்யறது?" என்றேன். நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னார்: "அந்த சூப்பர்வைசரு கண்ணு கீழ போவாம பாத்துக்க. வாய்தான் உனக்கு நல்லா கீதே!"

கேட்

காலையில் சூப்பர்வைசர் ஒவ்வொரு பெண்ணையும் தலையிலிருந்து கால்வரை பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். மல்லிகாவுக்கு முன்னால் மூன்று பேர். நான் நேரே போய், வரிசைக்கு எதிர்ப்பக்கமாக அவர் அருகில் நின்றேன். "ஆளுக்கு ஒரே கோட்டு குடுத்திருக்கீங்க. இந்த மழையில அதைத் தினமும் துவைச்சுக் காயவச்சு எப்படி சார் போட்டுக்கிட்டு வருவாங்க?" நடிக்கவே வேண்டியிருக்கவில்லை, நிஜமாகவே கொதித்தது. "யாரும்மா நீ? யூனியனா?" என்று என் பக்கம் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் மல்லிகா சாப்பாட்டுப் பையை வயிற்றோடு அணைத்தபடி கேட்டைத் தாண்டினாள்.

"ஏ, நில்லு!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு என்னைக் காட்டிக் கேட்டார், "இது உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?" மல்லிகா என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "யாருன்னே தெரியாது சார்."

அன்று பகலிலேயே அவளுக்கு ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிற எனக்கு, அவளுடைய அந்த ஒரு பதிலை மறுக்க மட்டும் இன்றுவரை வாய் வரவில்லை.