சிரப் கம்பெனியில் பாட்டில் மோந்த காலம்

1. கதவு போன கதை

சின்ன தவுக்கே தன் ஆபீஸ் கதவைக் கழற்றச் சொன்னபோது முதலில் கவலைப்பட்டவர் எங்கள் சூப்பர்வைசர் பெருமாள் அண்ணன்தான். ஏர்கான் காற்றெல்லாம் வெளியே போய்விடும் என்று தச்சருக்குப் பக்கத்திலேயே நின்று புலம்பிக்கொண்டிருந்தார்.

மலேசியாவில் கிள்ளான் ஊரில் எங்கள் சிரப் கம்பெனி இருந்தது. ரோஸ், ஆரஞ்சு, சர்சி என்று மூன்று வகை. பெரிய தவுக்கே தொடங்கிய கம்பெனி; சீன முதலாளியைத் தவுக்கே என்போம். எழுபதுகளின் கடைசியில் அவர் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பொறுப்பை எடுத்தார். வந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தி, இனிமேல் இங்கே ஒளிவுமறைவு கிடையாது, யாரும் நேராகத் தன்னிடம் வந்து பேசலாம், அதற்குத்தான் கதவை எடுக்கிறேன் என்று மலாயில் சொன்னார். நாங்கள் கை தட்டினோம்.

மறுநாள் பெருமாள் அண்ணன் தன் மேசையைத் தூக்கி, கதவில்லாத அந்த வாசலுக்கு நேரே போட்டுக்கொண்டார். ஏர்கான் காற்று அவர் மேல் சுகமாக வீசியது. உள்ளே போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கிட்டே போனால், "என்ன? என்கிட்ட சொல்லு, பாஸ் பிஸி" என்பார். முன்பு கதவாவது சில நேரம் திறந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் கூட்டம் வேறு. எல்லாருக்கும் கறிபாப், ஒரு கிளாஸ் சிரப் தண்ணீர். சின்ன தவுக்கே முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, "எனி புரோப்ளம்?" என்று கேட்பார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில், "நோ புரோப்ளம், பாஸ்" என்போம். அவருக்குத் திருப்தி. எங்களுக்குக் கறிபாப். இப்படியே மாதக்கணக்காக நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சல் அவர் மேல் மட்டும் இல்லை.

2. பெஞ்சு வேலை

என் வேலை பாட்டில் மோப்பது. சிரிக்காதீர்கள், அப்போது அது உண்மையான வேலை. புது பாட்டில் விலை அதிகம் என்பதால், பழைய பாட்டில் வாங்குகிறவர்கள் லோரியில் கொண்டுவந்து கொட்டுவதைத்தான் கழுவி நிரப்புவோம். கழுவும் முன்பு ஒவ்வொரு பாட்டிலையும் மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நீள பெஞ்சில் நான், சரசக்கா, இன்னும் சில பெண்கள் உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு முன்னால் பெல்ட் ஓடும்.

காலி பாட்டிலில் ஜனங்கள் எதைத்தான் ஊற்றி வைக்கவில்லை! மண்ணெண்ணெய், தின்னர், இறால் பெலாச்சான் கரைத்த தண்ணி, கள்ளு. இதெல்லாம் நாங்கள் கழுவும் காஸ்டிக் சோடாத் தண்ணியில் போய்விடும். போகாதது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் களைக்கு அடிக்கும் விஷம். தோட்டத்து ஜனங்கள் அதைப் புல் மருந்து என்பார்கள். மருந்து அடிக்கும் பெண்கள் வீட்டுப் பக்கம் புல் வெட்டச் சோம்பல்பட்டு, கொஞ்சம் ஊற்றி எடுத்து வந்துவிடுவார்கள். ஊற்றி வைக்க அவர்களுக்குக் கிடைப்பது எங்கள் சிரப் பாட்டில்தான். மூடி நன்றாக இறுகும், அதனால்.

மருந்து வாடை வந்தால் பெல்ட்டை நிறுத்தி, பாட்டிலை உடைத்துப் போட வேண்டும். அது பெரிய தவுக்கே காலத்துச் சட்டம். ஆனால் பெல்ட் நின்றால் அவரே மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லார் முன்னாலும் பெருமாள் அண்ணனைத் திட்டுவார். நாய், பன்றி என்று திட்டுவார். அண்ணனின் பிள்ளைகள் வயதுள்ள பெண்கள் நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். அதனால் பெருமாள் அண்ணன் தனியாக ஒரு சட்டம் வைத்தார். சத்தம் போடாதே, பெல்ட்டை நிறுத்தாதே, வாடை வந்த பாட்டிலை பெஞ்சுக்குக் கீழே கூடையில் போடு, வேலை முடியும்போது இன்னொரு தடவை சோடாவில் கழுவி உள்ளே அனுப்பு.

இது பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கழுவும் இடத்தில் தெரியும். நிரப்பும் இடத்தில் தெரியும். மேலே இருந்த இரண்டு தவுக்கேக்குத்தான் தெரியாது.

3. தீபாவளிக்கு முந்திய மாதம்

அந்த வருஷம் தீபாவளிக்கு ஆர்டர் குவிந்தது. பாட்டில் போதவில்லை. பாட்டில்காரர்கள் தோட்டம் தோட்டமாகப் போய் அள்ளி வந்தார்கள். கூடை தினமும் நிறைந்தது.

என் தங்கச்சி கேரி தீவில் தோட்டத்தில் இருந்தாள். மூன்று சின்னப் பிள்ளைகள். தீபாவளிக்கு எங்கள் ரோஸ் சிரப் வாங்காமல் அவளுக்குப் பண்டிகை இல்லை. அக்கா கம்பெனி சிரப் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் பெருமையாக ஊற்றிக் கொடுப்பாள். இந்த வருஷம் வாங்காதே என்று சொன்னேன். "ஏன், ஒங்க கம்பெனிய நீயே நம்பலியா?" என்று சிரித்தாள். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஒருத்தி வாங்காவிட்டால் மட்டும் என்ன? கிள்ளான் முழுக்க அதே பாட்டில்தானே போகிறது.

ஒரு சனிக்கிழமை, மறுபடி கழுவிய ஒரு பாட்டிலை எடுத்து மோந்தேன். வாடை போகவே இல்லை. பெருமாள் அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஒன் மூக்குல மருந்து ஏறிப்போச்சு மங்கா. இனிமே மல்லிப்பூவும் ஒனக்கு அப்படித்தான் நாறும். போய் வேலைய பாரு."

பாட்டிலை அவர் மோந்து பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

அந்தப் பாட்டிலை உள்ளே அனுப்பாமல் ஒரு மூலையில் ஒளித்து வைத்துவிட்டு சரசக்காவிடம் போனேன். சரசக்கா வாய் கிள்ளான் பாசாருக்கே கேட்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீ சொல்லக்கா என்றேன்.

"நீ சொல்லு லா. நான் ஒன் பின்னாலேயே நிக்கிறேன்."

எனக்குப் பின்னால் நிற்க ஆள் தேவையில்லை, முன்னால் பேசத்தான் ஆள் தேவை. நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் பார்த்தால் என் குரல் எனக்கே கேட்காது. இது அவளுக்குத் தெரியாதா?

4. கிளாஸ்

கூட்டத்தில் சிரப் கலந்து கொடுப்பது என் பொறுப்பு. பேசாத ஆள் என்பதால் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் நல்ல பாட்டிலிலிருந்து கலந்து கொடுத்தேன். பெருமாள் அண்ணனுக்கு மட்டும், ஒளித்து வைத்த பாட்டிலில் தண்ணீரும் சிரப்பும் விட்டு, அதிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றினேன். பாட்டிலையும் கிளாஸையும் அவர் முன்னால் வைத்தேன்.

"மறுபடி கழுவுனதுதான் அண்ணே" என்றேன். அவருக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அவர் கிளாஸைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

சின்ன தவுக்கே வழக்கம்போலக் கேட்டார். நாங்கள் வழக்கம்போலச் சொன்னோம். பேசிப் பேசி அவருக்குத் தொண்டை காய்ந்துவிட்டது போல. பெருமாள் அண்ணன் குடிக்காமல் வைத்திருப்பதைப் பார்த்தார். நீ குடிக்கலையா என்று சிரித்துக்கொண்டே அந்தக் கிளாஸைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போதுகூட எனக்குக் குரல் வரவில்லை. சரசக்கா கறிபாப்பைக் கடித்தபடி கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேர் நின்றோம், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இப்படியும் ஜனங்கள் இருப்பார்களா என்று கேட்கிறீர்களா? இருந்தோம்.

பெருமாள் அண்ணன்தான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். கிளாஸ் சாய்ந்து மேசையெல்லாம் சிவப்பாக ஓடியது.

"வேணாம் பாஸ். அது மருந்து பாட்டில்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். கூடை, சோடா, மறு கழுவல், எல்லாம்.

சின்ன தவுக்கேயின் முகம் அவர் அப்பா முகமாக மாறிவிட்டது. மேசையில் அடித்தார். யார் யாருக்குத் தெரியும், எத்தனை நாளாக நடக்கிறது, அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று கத்தினார். நாங்கள் தரையைப் பார்த்தோம். கதவைக் கழற்றிய மனுஷனும் இவ்வளவுதானா என்று எனக்கு அலுத்துப் போய்விட்டது.

அப்போதுதான் சரசக்கா கறிபாப்பை விழுங்கிவிட்டு, மலாயில், மெதுவாகவே சொன்னாள்:

"பாஸ் கோபப்பட்டா நாங்க வாய மூடிக்குவோம். ஒங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். இப்ப நீங்க கத்துறீங்க, பாருங்க, யாராச்சும் பேசுறாங்களா?"

அவர் எங்களைப் பார்த்தார். கத்துவதை நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்தார். சரி, முதலில் இருந்து சொல்லுங்கள், நான் பேசவில்லை என்றார். அன்றைக்குத்தான் உண்மையாகக் கூட்டம் நடந்தது. நான்கூட இரண்டு வார்த்தை பேசினேன்.

5. பிறகு நடந்தவை

ஸ்டோரில் இருந்த சிரப் முழுவதையும் அழிக்கச் சொன்னார். கடைகளுக்குப் போனதைத் திரும்ப எடுத்தார். பெரிய தவுக்கே வந்து மகனோடு அவர்கள் சீன மொழியான ஹொக்கியனில் போட்ட சண்டை தெருவரைக்கும் கேட்டது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் சிரப் எந்தக் கடையிலும் இல்லை. பெருமாள் அண்ணனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அப்போது பிடிக்கவில்லை.

பெஞ்சுக்கு மேலே ஒரு மணி கட்டினார்கள். வாடை வந்தால் யாரும் கயிற்றை இழுக்கலாம், பெல்ட் நிற்கும், ஏன் என்று கேட்டுத் திட்டக் கூடாது. இதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. சரசக்கா வளையல் விழுந்ததற்கு இழுத்தாள். ஒருத்தி கரப்பான்பூச்சிக்கு இழுத்தாள். நாளுக்கு நாள் கூத்து. சின்ன தவுக்கே வருவார், பார்ப்பார், பெருமூச்சு விட்டுப் போவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். வளையலுக்குத் திட்டினால் விஷத்துக்கும் இழுக்கமாட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

பாட்டில்காரர்கள் விஷயம் அதன் பிறகு தானாக வெளியே வந்தது. வாடை அடிக்கும் பாட்டிலுக்குக் காசு கிடையாது என்பதால் அவர்கள் அதை லோங்காங் சாக்கடைத் தண்ணியில் அலசி, நல்ல பாட்டிலோடு கலந்துவிடுவார்களாம். அதற்கும் அதே காசு கொடுக்கிறோம், தனி மூட்டையாகக் கொண்டுவாருங்கள் என்றதும் அவர்களே பிரித்துக் கொடுத்தார்கள். அத்தனையையும் உடைத்தோம்.

ஆனால் பாட்டில் வெறுமையாகி எங்களிடம் வருவதற்கு முன்னால், விஷத்தோடு அது எங்கே இருக்கிறது? வீட்டில்தானே. கூட்டத்தில் இதைச் சொன்னது நான். சின்ன தவுக்கே அப்படியானால் போய்ப் பார்ப்போம் என்றார்.

6. கேரி தீவு

என் தங்கச்சி இருந்த தோட்டத்துக்கு லோரியில் போனோம். சின்ன தவுக்கே, பெருமாள் அண்ணன், சரசக்கா, நான். பெருமாள் அண்ணன் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். மருந்து பாட்டில் கொடுத்தால் பதிலுக்குப் புது சிரப் தருவது என்று ஏற்பாடு.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பெண்கள் கூடினார்கள். என் தங்கச்சியும் நின்றாள். சின்ன தவுக்கே சிரித்த முகத்தோடு, யார் வீட்டிலாவது புல் மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க வீட்ல இல்லீங்க."

"இங்க யாரும் அப்படியெல்லாம் வைக்கிறதில்ல, பாஸ்."

ஒருத்தி விடாமல் அப்படியே சொன்னார்கள். மருந்து எடுத்து வந்தது தெரிந்தால் தோட்டத்தில் வேலை போகும். புதுசாக வந்த சீனத் தவுக்கேயிடம் யார் ஒப்புக்கொள்வார்கள்? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, திரும்பவும் அதே பாட்டு. சரசக்கா லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பெருமாள் அண்ணன் முன்னால் வந்தார்.

"நான் இந்த லயத்துப் பையன்தான். ஒங்க வீட்டு மருந்து பாட்டில எங்க கம்பெனியில கழுவி, அதுலேயே சிரப் ஊத்தி ஒங்களுக்கே வித்தோம். செய்யச் சொன்னது நான். திட்டு வாங்க பயந்துகிட்டு செஞ்சேன். யாரு பிள்ளையும் சாகாம இருந்தது நம்ம நல்ல நேரம்."

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். சின்ன தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன சொல்கிறார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், பெருமாள் அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

முதலில் உள்ளே போனது என் தங்கச்சி. குசினியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். எங்கள் ரோஸ் லேபல் கிழியாமல் இருந்தது. சீனி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்ததாம். மூன்று பிள்ளைகளும் அவள் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தன. என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவாக உள்ளே போய் வந்தார்கள். லோரியில் கொண்டுவந்த புது சிரப் போதவில்லை. பரவாயில்லை, பிறகு கொடுங்கள் என்று பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள், எங்கள் கம்பெனியில் எல்லாம் ஓப்பன் என்கிறார்கள். நல்லதுதான். நான் படித்தது ஒன்றுதான். மேலே இருக்கிறவர் 'சொல்லு, சொல்லு' என்று கேட்பதால் யாரும் சொல்லிவிடுவதில்லை. தன் தவற்றை முதலில் அவர் எடுத்து வைக்க வேண்டும். அதுவரைக்கும் எல்லார் வீட்டுக் குசினியிலும் ஒரு பாட்டில் இருந்துகொண்டேதான் இருக்கும், கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.