மல்லாட்டைக் கொல்லையில் கோல்ஃப்

மல்லாட்டைக் கம்பெனியில், அதாவது நிலக்கடலை வாங்கி விற்கும் இடத்தில், குமாஸ்தாவாக இருப்பவன் மூட்டைக்குள் கை விட்டதும் ஈரம் சொல்ல வேண்டும். துரையின் முகத்தைப் பார்த்ததும் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டும். இரண்டிலும் நான் தேறியவன். இன்னொரு வித்தையும் வேண்டியிருக்கும் என்று திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வாய் செய்த வேலை

எங்கள் கிளைக்கு ஏஜெண்டு ஒரு வெள்ளைக்காரத் துரை. வருஷா வருஷம் கிடங்குக்குப் பின்னால் இருந்த கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும், கொல்லைக்காரரிடம் சொல்லிவிட்டு மூன்று டின்பால் டப்பாக்களைத் தரையோடு தரையாகப் புதைத்து, சாயங்காலம் தன்னந்தனியாகக் கோல்ஃப் ஆடுவார். நாங்கள் மரியாதைக்காக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக அவருடைய தொப்பி போவதும் வருவதும் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கார்த்திகையில், வெகு தூரத்தில் இருக்கும் ஆதோனியில் புதுக் கிளை திறக்க அவர் இரண்டு மாதம் போகும்படி ஆயிற்று. தாம் திரும்பி வந்த பிறகு எங்களில் ஒருவரை அங்கே மாற்றப்போவதாகப் போகுமுன்பே சொன்னார். எங்களில் என்றால் இரண்டே பேர். ஒருவர் எடை பார்க்கும் தரணேந்திர நயினார். மேல்சித்தாமூர் ஜைனர், தராசைப் பார்த்து அவர் ஒன்று சொன்னால் வியாபாரியும் மறுத்துப் பேசமாட்டான், குடியானவனும் பேசமாட்டான். அவரை யார் அனுப்புவார்கள்? மிச்சம் நான். என் மனைவி மேரிக்கோ அந்த வருஷம்தான் உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அவள் இங்கே, நான் ஆதோனியில் என்றால், கல்யாணமான மறு வருஷமே எங்கள் குடித்தனம் தபால் கார்டில் நடக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

துரை ரயிலேறும்போது, "இந்த ஊரில் என்னோடு ஆட ஓர் ஆள் கிடைத்தால் அவனை நான் எங்கேயும் அனுப்பமாட்டேன்" என்று பெருமூச்சு விட்டார். "எனக்கு ஆடத் தெரியும் சார்" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் அது என் குரல். ரயில் போனதும் நயினார் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, அந்தக் கோல எந்தப் பக்கமாப் புடிக்கணும்னாவது தெரியுமாங்க உங்களுக்கு?"

விழுப்புரத்து ஏலம்

புதுக் கோல் வாங்க வேண்டுமானால் பட்டணத்துக்குப் போக வேண்டும். போனாலும் என் சம்பளம் கடை வாசலோடு நின்றுவிடும். விழுப்புரம் ஜங்ஷனில் ஆள் வந்து கேட்காத சாமான்களை ஏலம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அங்கே போனேன். கைப்பிடி இல்லாத குடை, ஒற்றைச் செருப்பு, ஆர்மோனியப் பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில், இரும்புத் தலை துருவேறிப்போன கோல் ஒன்று கிடந்தது. கூடவே ஒரு பையில் இரண்டு பந்து. கர்த்தரே பார்த்து எடுத்து வைத்தது என்று நினைத்தேன்.

எனக்குப் போட்டியாகக் கோலியனூர்க்காரர் ஒருவர் ஏறிக் கேட்டுக்கொண்டே வந்தார். அவரும் ஆடுவாரோ என்று பயந்துபோனேன். அவருக்கு அது முருங்கைக்காய் இழுக்க வேண்டியிருந்ததாம். ஒருவழியாக எனக்கு விழுந்தது. பிளாட்பாரத்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்: "எடுத்ததுதான் எடுத்தீங்க, கொஞ்சம் நல்லாப் பாத்து எடுத்திருக்கக் கூடாதுங்களா? மூஞ்சி ஒரு தினுசாத் திரும்பிக்கினு இருக்குதே."

மூன்று படம்

குரு யாரும் இல்லை. கம்பெனிக்கு வந்த சாமானில் சுற்றியிருந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் ஒருவன் கோல்ஃப் அடிக்கிற படங்கள் இருந்தன. முதல் படத்தில் குனிந்து நிற்கிறான். இரண்டாவதில் கோல் தோளுக்கு மேலே இருக்கிறது. கடைசிப் படத்தில் கோல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, அவன் தூரத்தில் எதையோ பார்த்துச் சந்தோஷப்படுகிறான். நடுவில் பந்தை அடிக்கிற படம் மட்டும் கிழிந்துபோயிருந்தது. அதை நானாக ஊகித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

படங்களைச் சுவரில் ஒட்டி, கண்ணாடிக்கு எதிரில் நிற்பதுபோல் எதிரே நின்றேன். அவன் கோல் என் கண்ணுக்கு எந்தப் பக்கம் ஏறியதோ அந்தப் பக்கமே என் கோலையும் ஏற்றினேன். துருப்பிடித்த கோலும் அதற்கென்றே செய்ததுபோல் இணங்கி வந்தது. நாலாவது நாள் லாந்தர் சிம்னி போயிற்று. மறுநாள் கொடியில் இருந்த புடவையோடு கொடியும் வந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மேரி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வெளியே போய் ஆடுங்க. நீங்க ஆதோனிக்குப் போறதுக்கு முன்னாடி இந்த வீடு போயிடும்."

அஞ்சலை கூட்டம்

கிடங்குக் கொல்லைக்குப் போனேன். மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் தங்கிப்போனதை யார் வேண்டுமானாலும் கிளறிப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கையில் கிடைத்தது பொறுக்கினவருக்கே. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர் களைக்கொட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னத்தி அஞ்சலை. இவர்கள் முன்னால் எப்படி ஆடுவது என்று கூச்சமாகத்தான் இருந்தது.

பந்தை வைத்து, மூச்சைப் பிடித்து ஓங்கி அடித்தேன். பந்து அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சாண் முன்னால் ஒரு கூடை மண் பெயர்ந்து பறந்தது. சிரிப்பார்கள் என்று பார்த்தால் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அஞ்சலை எழுந்து வந்து பெயர்ந்த மண்ணை உதறினாள். ஏழெட்டு மல்லாட்டை விழுந்தது. அடுத்த அடிக்கு நான் நகர்ந்தபோது பத்துப் பேரும் என் பின்னாலேயே நகர்ந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் மடி நிறைந்தது, என் இடுப்பு விட்டது. கிளம்பும்போது அஞ்சலை கேட்டாள்: "உக்காந்து கெளறாமயே இம்மாம் கொட்டை கெடைக்குது. நாளைக்கும் வருவீங்களா ரைட்டரய்யா?"

பந்து யாருடையது?

முதல் பந்து இரண்டாம் வாரமே கிணற்றில் விழுந்தது. இரண்டாவது பந்தை நான் மேலிருந்து போட்ட போடில் மண்ணுக்குள் புதைந்து காணாமல் போயிற்று. மறுநாள் அஞ்சலை அதைக் களைக்கொட்டால் கிளறி எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அது என் பந்து, ஏலத்தில் எடுத்தது, என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. நியாயம் தெரியாத ஆளுக்கு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னாள்: "மண்ணுல பொதைஞ்சத நான் கெளறி எடுத்தேன். கொல்லைக்காரரே கேக்க மாட்டாரு, நீங்க கேக்குறீங்களே."

பந்துக்குப் பதில் வேறு தேடினேன். பொம்மையார்பாளையத்திலிருந்து கருவாடு கொண்டுவருபவரிடம் சொல்லி, கடற்கரைப் புன்னை மரத்தடியில் கிடக்கும் காய் ஒரு கூடை வரவழைத்தேன். கிட்டத்தட்டப் பந்து அளவுதான். நன்றாக அடித்தால் பறக்கும். மோசமாக அடித்தால் உடையும். இரண்டு வாரம் உடைத்தேன். ஒருநாள் நயினார் வந்து, நான் பெயர்த்த பள்ளங்களைச் சுற்றி எறும்புகள் ஓடுவதைப் பார்த்து மனம் நொந்துபோனார். எறும்பு மிதிபடாமல் ஒதுங்கி நின்று கேட்டார்: "காய அடிக்கிறேன்னுட்டு பூமிய அடிச்சிக்கினு இருக்கீங்களே. உள்ள இருக்கிற உசுருங்க உங்கள என்னங்க பண்ணுச்சு?"

கை கெட்டுப்போனது

நயினார் சொன்னது உறுத்தியதோ என்னவோ, மண்ணைத் தொடாமல் காயை மட்டும் அடிக்க முயன்றேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு காய் கோலில் பட்டதே தெரியாமல் எழும்பி, வேலிப் பனையைத் தாண்டிப் போயிற்று. கிழிந்துபோன அந்தப் படத்தில் என்ன இருந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. பின்னாலேயே இன்னொன்று போயிற்று, அப்புறம் இன்னொன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேரியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அஞ்சலை வெறும் மடியோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள்: "முன்னெல்லாம் நல்லா அடிச்சிக்கினு இருந்தீங்க. இப்ப என்னங்க ஆச்சு, ஒரு கொட்டைகூட வர மாட்டேங்குது."

துரை வந்த சனிக்கிழமை

துரை வந்து இறங்கிய முதல் சனிக்கிழமையே ஆட்டம். நயினார் வேலி ஓரம் நின்றார். அஞ்சலை கூட்டம் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தது. துரை என் துருப்பிடித்த கோலைப் பார்த்து முகம் சுளித்து, "அதைத் தூரப் போடு, என்னுடையதை எடுத்துக்கொள்" என்று தம் பையை நீட்டினார். ஒன்றை உருவினேன். அதன் இரும்புமுகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. இன்னொன்றை உருவினேன், அதுவும் அப்படியே. துரையை ஏமாற்றிப் பழுதான சரக்கை விற்றுவிட்டார்களே என்று ஒரு நிமிஷம் அவருக்காக வருத்தப்பட்டேன். அதற்குள் அவர் தம் பந்தை அடிக்க நின்றார். அவர் நின்ற பக்கத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. இரண்டு மாதமாக இடக்கைக்காரன் கோலை வைத்துக்கொண்டு நான் கற்றுக்கொண்டிருந்தது இடக்கை ஆட்டம். சோறு தின்பதும் பேரேடு எழுதுவதும் வலக்கை, கோல்ஃப் மட்டும் இடக்கை!

வேறு வழியில்லை, அவர் கோலால் அவர் நின்ற மாதிரியே நின்று அடித்தேன். ஒரு கூடை மண் பறந்தது. மறுபடி அடித்தேன், இன்னொரு கூடை. ஆதோனி ரயில் என் காதுக்குள்ளேயே ஊதியது. பத்துப் பெண்களும் எழுந்து ஓடி வந்தார்கள். அஞ்சலை முகமெல்லாம் மலர்ந்து, கொல்லை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ரைட்டரய்யாவுக்குப் பழையபடி கை வந்துடுச்சுடி!"

துரையும் மண்ணைப் பெயர்த்தவர்தான், ஆனால் என் அளவுக்கு இல்லை. முதல் டப்பாவில் பந்தைப் போட அவருக்குப் பதினோரு அடி ஆயிற்று. எனக்கு எத்தனை என்று எண்ணுவதை அவரே பாதியில் விட்டுவிட்டார். உண்மையைச் சொல்லி என் கோலை எடுத்து ஒரு பந்தையாவது பனைக்கு மேலே அனுப்பிக் காட்டலாம் என்று கை துடித்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது துரை என் தோளில் கை போட்டார். அவர் கண்ணில் தண்ணீர், சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். "பத்து வருஷமாக ஆடுகிறேன். என்னைவிட மோசமாக ஆடுகிறவனை இன்றுதான் பார்க்கிறேன். உன்னை ஆதோனிக்கு அனுப்ப நான் என்ன பைத்தியமா?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஆதோனிக்கு அந்த ஊரிலேயே ஆள் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் சனிக்கிழமைதோறும் துரையோடு வலக்கையால் மண் வெட்டினேன். ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போகுமுன் யாரும் இல்லாத கொல்லையில் இடக்கையால் நாலு புன்னைக்காயைப் பனைக்கு மேலே அனுப்பிவிட்டு வருவேன். ஒருநாள் மேரி கூட வந்து பார்த்தாள். நாலாவது காய் போய் விழுகிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ்வளவு நல்லா ஆடுறது துரைக்குத் தெரிஞ்சுதுன்னா நம்ம கதி என்னங்க?"

ஆகவே என் போன்ற பாவப்பட்டவர்களே, எந்த வித்தையையும் எந்தக் கையால் என்று கேட்டுக்கொண்டு கற்கத் தொடங்குங்கள்; கேட்க மறந்தாலும் பாதகமில்லை, குடித்தனம் எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு நான் சாட்சி.