கடல் கீழே இருக்கும் வரைபடம்

ஷார்ஜாவில் ஒரு கண்காட்சி. ஜோர்டானில் ஒரு பழைய தேவாலயத் தரையில் வண்ணக் கற்கள் பதித்துச் செய்த வரைபடத்தின் நகலை இங்கே தரையில் விரித்திருக்கிறார்கள். ஜோர்டானுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் கிடைத்திருக்கும் வரைபடங்களில் இதுவே மிகப் பழையதாம். இடப்பக்கம் இருக்க வேண்டிய கடல் கீழே இருப்பதால் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

“கிழக்குதான் மேலே, பாய்,” என்று இந்தியில் சொல்கிறார் பக்கத்தில் நிற்கும் முதியவர். பக்கத்து நகரின் தேரா கடைவீதியில் கடை வைத்திருக்கிறாராம், இந்தி அங்கே பழகியது. சொந்த ஊர் காசா.

வலது ஓரத்தில் அவருடைய ஊரும் இருக்கிறது, தூண்கள் வரிசையாக நிற்கும் தெருவோடு. பாதி நகரம்தான் மிஞ்சியிருக்கிறது. மூலத்தில் மீதிக் கற்கள் பெயர்ந்துவிட்டன, நகலிலும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப ஃபோட்டோ எடுத்துத் தரச் சொல்கிறார். கற்கள் நன்றாக இருக்கும் பக்கமாக அவருடைய செல்போனைத் திருப்புகிறேன்.

“நஹி பாய், உடைஞ்சதையும் சேர்த்து எடுங்க. எங்க வீடு அந்தப் பக்கம்.”

இரண்டடி பின்னால் நகர்கிறேன்.