ஒரே கைச் சோறு

முத்துவீரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் காவல்காரன். பேச்சு குறைவு, கேட்ட கேள்விக்கு அவனிடமிருந்து பதில் வருவதற்குள் கேட்டவர் டீ குடித்துக் கிளாஸையும் கழுவி வைத்துவிடலாம். ஊர் அவனை மெச்சியதும் ஏசியதும் ஒரே விஷயத்துக்காகத்தான், வேட்டை. சட்டப்படி அது கூடாது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் முயலோடு பிடிபட்டு, அபராதம் கட்டி, இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன். எழுதிக் கொடுத்த கை ஒன்றிரண்டு வருடம் சும்மா இருந்தது. பிறகு கட்டாரி வந்து சேர்ந்தது.

கட்டாரி அசல் கோம்பை நாய். செவலை நிறம், கருத்த வாய். குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அன்றைக்கே மனைவி மலையம்மாளிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இதுக்கு நீ சோறு வைக்கக் கூடாது."

"ஏன், எங் கையி என்ன வெசமா?"

"இன்னைக்கு நீ வச்சுத் தின்னா நாளைக்கு ஊரான் வச்சாலும் திங்கும். ஊரான் வெசத்தத்தான் வைப்பான்."

வேட்டைநாயை அப்படி ஒரே கையில் பழக்குகிறவர்கள் உண்டு. விஷச்சோற்றில் போன நல்ல நாய்களை அவன் நிறையப் பார்த்திருந்தான். அதனால் மூன்று வருடமாக அவன் உள்ளங்கையில் உருட்டி வைத்து "ம்" என்று சொன்னால்தான் கட்டாரி வாயைத் திறக்கும். கல்யாண வீட்டு எலும்பைக்கூட முகர்ந்து பார்க்காது. இதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து ஊரான தேவாரத்துக்கு ஒரு துக்கத்துக்குப் போனால்கூட, நாய் பட்டினி கிடக்குமே என்று பொழுது சாய்வதற்குள் ஓடி வந்துவிடுவான். மலையம்மாளுக்கு அது எரிச்சல்தான். சோறு பொங்குவது அவள், வாலாட்டுவது அவனுக்கு.

போன தை மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில், அவனும் கூட்டாளி விஜயபாண்டியும் ஓடைக்கரையில் ஒரு காட்டுப்பன்றியை மடக்கினார்கள். கட்டாரி அதன் காதைக் கவ்வி நிறுத்த, விஜயபாண்டி வேல்கம்பை இறக்கினான். பன்றி சாய்ந்ததுதான் தாமதம், வனத்துறை ஜீப் சத்தம் கேட்டது. இரண்டு ஆம்பளைகளும் ஓட்டமெடுத்தார்கள். நாய் ஓடவில்லை. விழுந்ததை விட்டு, அவன் வந்து தொடுகிற வரைக்கும் நகரக்கூடாது என்பதும் அவன் பழக்கியதுதானே. செத்த பன்றிக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தே இருந்தது.

மத்தியானம் வனவர் ஜெபஷீலா, போடியிலிருந்து மாற்றலாகி வந்த சின்ன வயதுப் பெண், நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தாள். அது அவளை இழுத்துக்கொண்டு நேரே முத்துவீரன் வாசலுக்கு வந்து நின்றது.

"இது உங்க நாய்தானே?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு உங்க வாசல்ல வந்து நிக்குது?"

"கோம்பையில பாதி நாயி இதே சாயல்தான் மேடம். எல்லாம் செவல, எல்லாம் கருவாயி. எவன் வீட்டு நாயோ."

கட்டாரி அவன் கையைத் தேடி மூக்கை நீட்டியது. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இரண்டாவது வழக்கென்றால் ஜெயில்தான் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். காவல் வேலையும் போய்விடும். பயம் அவன் கையைக் கட்டிப்போட்டது. தெருவில் விசாரித்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஊர்க்காரனைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதில் ஊர் உறுதியாக நின்றது. நாயும் ஊர்க்காரன்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஜெபஷீலா நாயைத் திரும்ப ஆபீசுக்கே இழுத்துப் போனாள். தெருமுனை வரைக்கும் அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

நான்காம் நாள் டீக்கடையில் விஜயபாண்டி சேதி சொன்னான். "தண்ணிய மட்டும் நக்குதாம்ணே. பாலு வச்சாக, கோழிக்கறி வச்சாக, அந்தம்மா மடியில வச்சு ஊட்டிக்கூடப் பாத்தாகளாம். பல்ல இறுக்கிக்கிருச்சாம். நீ பேசாம இரு. ரெண்டு நாள்ல செத்துப்போச்சுன்னா சாட்சியும் இல்ல, கேசும் இல்ல."

முத்துவீரன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். வீட்டில் மலையம்மாள் சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"நான் போயி வச்சுப் பாக்கட்டா?" என்றாள்.

"உங் கையில திங்காது."

"திங்காமப் பண்ணுனது யாரு?"

நம்பிக்கை என்று நினைத்து அவன் பழக்கியது அந்த நாயின் கழுத்தில் கயிறாக இறுகிக் கிடந்தது. அவன் வெட்கப்பட்டான், அழுதான். அவன் அழுது மலையம்மாள் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறோடு அவன் ஆபீசுக்குப் போனான். மலையம்மாளும் கூடவே போனாள். வேப்பமரத்தடியில் கட்டாரி கிடந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. வால் மட்டும் மண்ணில் அடித்தது. அவன் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு சின்ன உருண்டையை உள்ளங்கையில் வைத்து "ம்" என்றான். அது தின்றது.

வாசற்படியில் நின்ற ஜெபஷீலா சட்டி காலியானதும் இறங்கி வந்தாள்.

"யார் வீட்டு நாயோன்னு சொன்னீங்க."

"எந் நாயிதான் மேடம். பன்னிய அடிச்சதும் நாந்தான். எழுதிக்கங்க."

"கூட யாரு?"

"நாயும் நானுந்தான்."

உத்தமபாளையம் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஜீப் வந்தபோது, அவன் சட்டையைக் கழற்றி மலையம்மாளிடம் கொடுத்தான். "இதக் கையில சுத்திக்கிட்டு வையி. 'ம்'னு சொல்லு. துவைச்சுப்புடாத." பனியனும் துண்டுமாக ஜீப்பில் ஏறினான். ஜெபஷீலா சங்கிலியை அவிழ்த்து மலையம்மாள் கையில் கொடுத்தாள்.

அவன் இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்தான். மலையம்மாள் முதல் நாள் சட்டையைச் சுற்றிய கையோடு மூன்று மணி நேரம் நாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சோறு காய்ந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் அது சட்டையை மட்டும் நக்கியது. மூன்றாம் நாள் ஒரே ஒரு உருண்டையை எடுத்தது. அவள் அக்கம்பக்கம் பார்க்காமல் ஓவென்று அழுதாள். பத்தாம் நாளுக்கு மேல் சட்டை தேவைப்படவில்லை.

ஜாமீனில் வந்தவனுக்குத் தோட்ட வேலை இல்லை. வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவன் தெருவில் திரும்பும்போதே கட்டாரி பாய்ந்து வந்து மேலே விழுந்தது. முகத்தை நக்கி, ஊளையிட்டு, காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. தன்னை மறுத்தவன் என்ற நினைப்பெல்லாம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவன் உள்ளே போய்ச் சோற்றை உருட்டிக் கையில் வைத்து "ம்" என்றான்.

நாய் அந்தக் கையைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி மலையம்மாளைப் பார்த்து நின்றது.

முத்துவீரனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எங்கும் போகாமல் வீட்டிலிருந்த கை எது என்று நாய்க்குத் தெரிந்துவிட்டது. அதில் அவன் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

"நீ சொல்லு புள்ள," என்றான்.

"ம்" என்றாள் மலையம்மாள். அப்புறம்தான் அது அவன் கையில் வாய் வைத்தது.