வெறுங்காதோடு இறங்கியவர்

லிங்கநகர் பாக்கியரத்தினத்துக்கு நாங்கள் வைத்த பட்டம் குணுக்கர். முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டத்தில் தோற்றவர் காதில் குணுக்குத் தொங்கவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஊரடங்கு போட்டால் வேறென்ன வேலை? பகல் முழுக்கக் கடதாசி விளையாட்டுத்தான். வெறும் தீப்பெட்டியோ பழைய சாவியோ, அகப்பட்டதை நூலில் கட்டி அவர் காதில் மாட்டுவார்கள். என் காதிலும் மாட்டுவார்கள். அவருடைய சோடி நான். வேறு ஒருவரும் அவரோடு சேரமாட்டார்கள்.

துறைமுகத்தில் என்னோடு கிரேன் ஓட்டுகிற மனிதர், வேலையில் சூரன். ஆனால் கையில் எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும், இத்தனை புள்ளி எடுப்பேன் என்று துணிந்து கேட்கமாட்டார். "எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றாறில் புதிய கிரேன் ஒன்றைப் பழகிவர எங்களை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். நாங்கள் இருவர், போர்மன் தவராசா அண்ணை, கிண்ணியா ஜெமீல். புறப்படும்போது பாக்கியத்தாரின் மனைவி குணேஸ்வரி படலையடியில் வைத்தே சொல்லிவிட்டா.

"பிளேனிலயும் விளையாடுவியள், எனக்குத் தெரியும். வெள்ளைக்காரனுக்கு முன்னால குணுக்கோட இறங்கினியளெண்டால் இந்தப் படலை திறவாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

விமானத்தில் எங்களுக்கு நடு வரிசை. யன்னல் இல்லை, ஓடிய படமும் விளங்கவில்லை. தின்பதும் நித்திரை கொள்வதும் எவ்வளவு நேரத்துக்கு? ஜெமீல் பணிப்பெண்ணிடம் ஒரு சீட்டுக்கட்டு வாங்கினான். நாலு பேரும் ஒரே வரிசையில், ஒரு சோடிக்கு நடுவில் மற்றச் சோடியின் ஆள் வருமாறு இருந்தோம். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பாரென்று சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விளையாடினோம். குடித்து முடித்த தேயிலைப் பைகளை நூலோடு பிழிந்து வைத்தார் தவராசா அண்ணை.

"தோக்கிற சோடி இதைக் காதில கொழுவிக்கொண்டுதான் கொம்பனிக்காரருக்குக் கை குடுக்கவேணும்."

வழக்கம்போல் நாங்கள் தோற்றுக்கொண்டே போனோம். குணுக்கு யாருக்கு என்று முடிவாகும் கடைசி ஆட்டத்துக்கு எல்லாச் சீட்டும் கைக்கு வந்த நேரம், விமானம் குலுங்கத் தொடங்கியது. பெல்ட்டைப் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. சீருடையோடு ஒருத்தி விறுவிறு என்று எங்களை நோக்கி வந்தாள். அவ்வளவுதான், நாங்கள் மூவரும் சீட்டைத் தொடைக்குக் கீழே தள்ளிவிட்டோம்! ஊரில் சீருடை தெரிந்தால் அப்படித்தான். ஆம்பிளைகள் கூடியிருந்தால் ஆயிரம் விசாரணை. கட்டைத் தந்தவளே அவள்தான். எங்கள் பெல்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனாள்.

குலுக்கம் கூடியது. தவராசா அண்ணை கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். ஜெமீல் கண்ணை மூடி ஓதினான். நான் வாந்திப் பையைத் தேடினேன். பாக்கியத்தார் மட்டும் சீட்டை விரித்தபடி இருந்தார்.

"இதுக்கே? மார்கழி வாடைக்கு எங்கட கிரேன் இதைவிட ஆடும்."

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மற்றவர்கள் பயந்து அவர் பயப்படாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"இருநூற்றைம்பது," என்றார்.

முந்நூற்றி நாலு புள்ளியில் இருநூற்றைம்பதை நாங்களே எடுப்போம் என்ற சவால்!

"உங்களுக்கு விசரே?" என்றேன்.

"ஓம்."

துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். நாங்களும் தொடைக்குக் கீழே இருந்த சீட்டை எடுத்தோம். நழுவிய சீட்டுகளை ஒரு கையால் அமத்திக்கொண்டு மறு கையால் இறக்கினார். தவராசா அண்ணை கதிரைக் கையை விடாமல், இறக்கக்கூடாததை இறக்கினார். கடைசிச் சீட்டு வரைக்கும் பாக்கியத்தாரே அள்ளினார். நான் போட்ட கூச்சலில் முன்னால் நித்திரை கொண்டவர் எழும்பி முறைத்தார். முறைக்கட்டும்!

விமான நிலையத்தில் கம்பனி அதிகாரி பெயர்ப்பலகையோடு நின்றார். தவராசா அண்ணையின் காதிலும் ஜெமீலின் காதிலும் தொங்கிய தேயிலைப் பைகளைப் பார்த்து, இது என்ன என்று மரியாதையாகக் கேட்டார். ஜெமீல் சளைக்கவில்லை.

"எங்கட ஊரில பெரிய ஆளோட வரேக்க இப்பிடித்தான் வருவம்," என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லிப் பாக்கியத்தாரைக் காட்டினான். அதிகாரி முதல் கையை அவருக்குத்தான் கொடுத்தார்.

பாக்கியத்தார் அன்றைக்கே ஊரில் தன் பக்கத்து வீட்டு ரெலிபோனுக்கு எடுத்துக் குணேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"குணேசு, வெறுங்காதோடதான் இறங்கினனான்."

அங்கே ஊரடங்கு. ஆனாலும் அவ ரெலிபோனைப் பிடித்தபடி வேலிக்கு மேலால் அயல் பெண்டுகளுக்குப் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"எடி, பாக்கியம் வெண்டிட்டாரடி!"